மூளை உறையிலேயே தொடங்கும் மெலனோமா: கண்டறிவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நோயியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கியோடு வேலை செய்பவன். மூளை உறையிலேயே பிறந்த மெலனோமாவை என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பத்தார் கேட்டவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். எழுதி வைத்தால் அடுத்து வருபவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன். சிகிச்சையைப் பற்றிக் குறைவாகவும், நோயைக் கண்டுபிடிக்கும் பாதையைப் பற்றி அதிகமாகவும் இருக்கும். குழப்பம் எல்லாம் அந்தப் பாதையில்தான்.

மூளையில் மெலனோமா எப்படி வரும்? அது தோலில் வருகிற புற்றுநோய் அல்லவா?

தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்கள் தோலில் பிறப்பவை அல்ல. கரு உருவாகும் தொடக்க வாரங்களில், பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாயின் ஓரமாக நரம்பு முகடு என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்தச் செல்கள் கிளம்புவது அங்கிருந்துதான். பெரும்பாலானவை தோலுக்குப் போய்ச் சேரும். கொஞ்சம் கண்ணின் நடுப்படலத்துக்கும் உட்செவிக்கும், வாய், மூக்கு, ஆசனவாய் போன்ற இடங்களின் உட்தோலுக்கும் போகும். ஒரு சிறு கூட்டம் மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகளிலேயே தங்கிவிடுகிறது.

இவை எல்லா இடத்திலும் சமமாக இருப்பதில்லை. மூளையின் அடிப்பக்கம், மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் முன்புறம், கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் மேல்பாகம் ஆகிய இடங்களில்தான் அதிகம். நோயே இல்லாத மூளையைப் பிரேதப் பரிசோதனையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், சிலருக்கு முகுளத்தின் முன்னால் லேசாகப் புகை படிந்ததுபோல ஒரு கருமை தெரியும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் அதைத் துடைத்துக்கூடப் பார்ப்பார்கள். போகாது. அந்தச் செல்களில் ஒன்று கெட்டுப்போனால் வருவதுதான் இந்த நோய். ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ 1859-லேயே மூளை உறையின் இந்தக் கருமையான நோயைப் பற்றி எழுதிவிட்டார். ஆகவே இது புதிய நோய் அல்ல, அரிதான நோய்.

எவ்வளவு அரிது?

மொத்த மெலனோமாக்களில் சுமார் 1 சதவீதம்தான் மூளை, தண்டுவடப் பகுதியிலேயே தொடங்குபவை. ஆண்டுக்கு 10 கோடிப் பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு வரும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இதற்கு நேர்மாறாக, தோல் மெலனோமா மூளைக்குப் பரவுவது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். மூளைக்குப் பரவும் புற்றுநோய்களில் நுரையீரல், மார்பகம் ஆகியவற்றோடு வரிசையில் நிற்பது மெலனோமாதான். அதனால் மூளையில் மெலனோமா என்று தெரிந்தவுடன் எந்த மருத்துவரும் முதலில் "எங்கிருந்து பரவியது?" என்றுதான் கேட்பார். அது சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேடி, எங்குமே இல்லை என்று ஆன பிறகுதான் "முதன்மை", அதாவது இங்கேயே தொடங்கியது, என்ற சொல்லை எழுத முடியும்.

இது ஒரே நோயா, பல வகைகள் உண்டா?

உலக சுகாதார அமைப்பின் 2021-ஆம் ஆண்டு வகைப்பாடு இரண்டு பெரிய பிரிவாகச் சொல்கிறது. உறை முழுக்கப் படர்வது ஒன்று. ஒரே இடத்தில் கட்டியாக நிற்பது இன்னொன்று.

படரும் வகையில், செல்கள் சாதுவாகத் தெரிந்தால் மெலனோசைட்டோசிஸ், புற்றுத்தன்மையோடு இருந்தால் மெலனோமாடோசிஸ் என்று பெயர். கட்டி வகையில், சாதுவானதற்கு மெலனோசைட்டோமா, கொடியதற்கு மெலனோமா. நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட தரம் என்று ஒன்றும் உண்டு. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, திசு செத்துப்போன பகுதி இருக்கிறதா, மூளைக்குள் ஊடுருவியிருக்கிறதா என்பதை வைத்துத் தரம் பிரிக்கிறோம். ஒரு சதுர மில்லிமீட்டரில் செல் பிரிவு சராசரியாக 1.5-ஐத் தாண்டினாலோ, திசுச் சாவு இருந்தாலோ மெலனோமா என்று எழுதுவோம். மெலனோசைட்டோமா என்ற பெயர் 1972-இல் லிமாஸ், டியோ என்ற இரண்டு மருத்துவர்கள் வைத்தது. அதற்கு முன் அவற்றை நிறமுள்ள மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும் வேறொரு வகைக் கட்டி) என்று நினைத்திருந்தார்கள்.

பெயர்கள் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிப்பதால் குடும்பத்தார் குழம்பிப் போவார்கள். அறிக்கையில் எந்தச் சொல் இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மெலனோசைட்டோமாவை முழுதாக வெட்டி எடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. மெலனோமாடோசிஸ் அப்படிப்பட்டதல்ல.

என்ன அறிகுறிகளோடு தொடங்கும்?

இந்த நோய்க்கென்று தனி அடையாளமான அறிகுறி கிடையாது. தலைவலி, காலை வாந்தி, பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது, வலிப்பு, முகத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, காது கேளாமை. தண்டுவடத்தில் என்றால் முதுகுவலி, கால் பலவீனம், சிறுநீர் போவதில் சிரமம். உறைகளுக்கு இடையே ஓடும் மூளைத் தண்டுவட நீர் வடிய வழியில்லாமல் தேங்கினால் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வரும். மனக்குழப்பமாக மட்டுமே தொடங்கி, மனநல மருத்துவரிடம் போய்வந்தவர்களும் உண்டு.

காசநோய் மூளைக்காய்ச்சல் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். இப்போது மெலனோமா என்கிறார்கள். தவறு நடந்துவிட்டதா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேட்பவர்களின் குரலில் கோபமும் குற்றவுணர்ச்சியும் சேர்ந்தே இருக்கும். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உறை முழுக்கப் படரும் மெலனோமாவும் காசநோய் மூளைக்காய்ச்சலும் வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும். இரண்டிலும் வாரக்கணக்கில் இழுக்கும் தலைவலி. இரண்டிலும் மூளை நரம்புகள் பாதிக்கப்படும், நீர் தேங்கும். ஸ்கேனில் இரண்டுமே மூளையின் அடிப்பகுதி உறையைத்தான் தடிப்பாகக் காட்டும். முதுகில் ஊசி போட்டு எடுத்த அந்த மூளைத் தண்டுவட நீரைச் சோதித்தால் புரதம் கூடுதல், சர்க்கரை குறைவு, லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் அதிகம். ஏட்டில் இருக்கும் காசநோய்ப் படம் அப்படியே கிடைக்கும். ஏடிஏ என்ற சோதனை கூடுதலாக வந்தாலும் அது காசநோய்க்கு மட்டும் உரியதல்ல. காசநோய்க் கிருமிக்கான மரபணுச் சோதனை "இல்லை" என்று வந்தாலும் காசநோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காசநோய் மூளைக்காய்ச்சலில் ஒவ்வொரு நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்து. ஆகவே உறுதியாகும் முன்பே மருந்தைத் தொடங்குவது பல நேரங்களில் சரியான முடிவுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். அது எந்த வீக்கத்தையும் கொஞ்சம் வற்றவைக்கும். நோயாளி எழுந்து உட்கார்ந்து பேசுவார், சாப்பிடுவார். "மருந்து வேலை செய்கிறது, காசநோய்தான்" என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவோம். ஸ்டீராய்டைக் குறைக்கும்போது தலைவலி திரும்பி வரும். அந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் சில வாரங்களில் நிலைமை மோசமாகிறது, நீரில் புரதம் ஏறிக்கொண்டே போகிறது, எந்தச் சோதனையிலும் கிருமி கிடைக்கவில்லை என்றால், "வேறு எதுவாக இருக்கலாம்?" என்று கேட்பதில் தயங்க வேண்டாம். நோயாளியின் வீட்டாரே கேட்கலாம். மருத்துவர் தப்பாக நினைக்கமாட்டார்.

தொடங்கியது தவறல்ல. வேலை செய்யாத மருந்தை மறுயோசனை இல்லாமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதுதான் தவறு.

காசநோயோடு நின்றுவிடுவதும் இல்லை. சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், பூஞ்சைத் தொற்று, வேறு உறுப்பிலிருந்து உறைக்குப் பரவிய புற்றுநோய் எல்லாமே இதே முகத்தோடு வரும். கட்டி வகையாக இருந்தால் பெரும்பாலும் மெனிஞ்சியோமா என்றோ பழைய ரத்தக்கசிவு என்றோ முதலில் படிக்கப்படும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்துவிடாதா?

சந்தேகம் வரவைக்கும். உறுதி செய்யாது.

இந்தச் செல்கள் உண்டாக்கும் நிறப்பொருளான மெலனினுக்குக் காந்தப்புலத்தில் ஒரு தனிக்குணம் உண்டு. அதனால் டி1 என்ற வகைப் படத்தில் வெள்ளையாகவும், டி2 படத்தில் கருப்பாகவும் தெரியும். பெரும்பாலான கட்டிகள் இதற்கு நேர் எதிராக இருக்கும். மூளையின் அடியில் உறையை ஒட்டி, கான்ட்ராஸ்ட் மருந்து (நோயுள்ள இடம் பளிச்சென்று தெரிய ஊசியில் போடுவது) ஏற்றுவதற்கு முன்பே டி1 படத்தில் ஒரு வெள்ளைக் கோடு ஓடினால், அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் நிமிர்ந்து உட்காருவார். "முன்பே" என்பதுதான் முக்கியம். மருந்து ஏற்றிய பிறகு எடுத்த படத்தில் காசநோயும் வெள்ளை, இதுவும் வெள்ளை. மருந்துக்கு முந்தைய படத்தை எடுக்காமலோ பார்க்காமலோ விட்டுவிட்டால் அந்த ஒரே தடயமும் கைநழுவிப் போகும்.

அந்த வெள்ளையும் மெலனினுக்கே சொந்தமல்ல. சில நாட்கள் ஆன ரத்தக்கசிவும் கொழுப்பும் டி1-இல் அப்படித்தான் தெரியும். கொழுப்பை அடக்கி எடுக்கும் படத்தில் கொழுப்பு கறுத்துவிடும், மெலனின் அப்படியே நிற்கும். ரத்தத்தைப் பிரித்துக்காட்டவும் தனி வகைப் படம் இருக்கிறது. ஆனால் மெலனோமா தானே ரத்தம் கசியும் கட்டி என்பதால், அதற்குள்ளேயே இரண்டும் கலந்திருக்கும். அப்புறம், நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு. அதில் டி1 வெள்ளை தெரியாது, சாதாரணக் கட்டிபோலவே இருக்கும். சி.டி. ஸ்கேனில் இது கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்து, ரத்தக்கசிவு என்றே எழுதப்படுவதும் நடக்கும்.

இரண்டு விஷயங்களைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தலையோடு நிறுத்தாமல் முழு முதுகுத்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இந்தச் செல்கள் நீரோடு மிதந்து கீழே போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, முடிந்தவரை முதுகில் நீர் எடுப்பதற்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது நல்லது. நீர் எடுத்ததாலேயே உறை மருந்தை ஏற்றுத் தடிப்பாகத் தெரிந்து குழப்பக்கூடும். மூளையில் அழுத்தம் ஏறியிருக்கும்போது நீர் எடுப்பது ஆபத்து என்பதாலும் ஸ்கேன் முதலில் வேண்டும்.

முதுகு நீரில் "புற்றுச் செல் இல்லை" என்று அறிக்கை வந்தது. அப்படியென்றால் புற்றுநோய் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. அந்த அறிக்கைக்கு ஒரே அர்த்தம்தான்: அந்தக் குப்பியில் வந்த நீரில் கண்ணுக்குப் படவில்லை.

உறைகளுக்குப் பரவிய புற்றுநோய்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டால், முதல் முறை எடுத்த நீரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் செல் கிடைக்கும். இரண்டாவது முறை எடுத்தால் 80 சதவீதம் வரை ஏறும். அதனால் ஒரு தடவை இல்லை என்றால் மீண்டும் எடுப்பது வழக்கம். அளவும் முக்கியம். செல் சோதனைக்கு மட்டும் 10 மில்லிலிட்டராவது வேண்டும். பல நேரங்களில் கிருமி, சர்க்கரை, புரதம் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுத்தபிறகு எங்களுக்கு வருவது ஒரு மில்லிலிட்டர்.

நேரமும் உண்டு. ஒரு முறை மாலையில் எடுத்த நீர் மறுநாள் மதியம் என் மேசைக்கு வந்தது. சுழற்றி, கண்ணாடித் தகட்டில் படியவைத்து, சாயம் போட்டுப் பார்த்தேன். செல்களின் ஓரமெல்லாம் கரைந்து, உட்கரு வெளிறி, நனைந்த காகிதத்தில் மை பரவியதுபோல இருந்தது. அங்கே இங்கே பழுப்புத் துகள்கள் சிதறிக் கிடந்தன. அது மெலனினா, பழைய ரத்தத்தின் இரும்பா, எந்தச் செல்லுக்குள் இருந்தது, எதுவும் சொல்ல முடியவில்லை. "சோதனைக்கு ஏற்றதாக இல்லை, மீண்டும் அனுப்பவும்" என்று எழுதினேன். அந்த நோயாளிக்கு மறுபடியும் ஊசி. இரண்டாவது முறை நானே கீழே போய்க் குப்பியை வாங்கிவந்தேன். அரை மணி நேரத்தில் தகட்டில் முழுச் செல்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. பெரிய உட்கரு, நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் உட்கருமணி, செல்லுக்குள் தூவிய பொடிபோல நிறம். அதே மனிதர், அதே நோய். நடுவே இருந்தது நேரம் மட்டும்தான்.

அதனால் நீர் எடுக்கும் நாளில் வீட்டில் யாராவது ஒருவர் "செல் சோதனைக்குத் தனிக் குப்பி போகிறதா, உடனே போகிறதா?" என்று செவிலியரிடம் கேட்டுவிடுங்கள். சின்னக் கேள்விதான். ஒரு ஊசியை மிச்சப்படுத்தும்.

நிறம் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். துப்புரவு செய்யும் மேக்ரோஃபேஜ் செல்கள் மெலனினை விழுங்கிவைத்திருக்கும். அவை புற்றுச் செல்கள் அல்ல. இரண்டையும் பிரிக்கக் கூடுதல் சாயங்கள் வேண்டும். அதற்கும் நீர் மிச்சம் இருக்க வேண்டும்.

பயாப்சி கட்டாயம் வேண்டுமா? மூளையைத் திறக்க பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. நீரிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாமல் புற்றுச் செல் கிடைத்து, சாயங்களும் ஒத்துவந்தால் சில நேரம் அறுவை இல்லாமலேயே முடிவுக்கு வரலாம். கிடைக்காவிட்டால் உறையிலிருந்து சிறு துண்டு எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கட்டியாக இருந்தால் அதை எடுப்பதே சிகிச்சையின் முதல் படியும் ஆகிவிடும்.

எடுக்கும் இடம் ஸ்கேனில் மருந்தை ஏற்றுப் பளிச்சென்று தெரிகிற இடமாக இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எங்கோ எடுத்த துண்டில் வெறும் அழற்சி மட்டும் வரலாம். கடின உறையைத் திறந்தவுடன் உள்ளே கரியைத் தடவியதுபோல இருந்தது என்று அறுவை மருத்துவர் குறிப்பு எழுதியிருந்தால், ஆய்வகத்தில் எங்களுக்கு அது பெரிய உதவி. அந்த வரியைத் தவறாமல் எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். காசநோய்க்கும் பூஞ்சைக்கும் ஒரு துண்டை ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போடாமல் தனியாக அனுப்புவதும் நல்ல வழக்கம். ஃபார்மலினில் போட்டதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

துண்டு ஆய்வகத்துக்கு வந்த பிறகு ஏன் இத்தனை நாள் ஆகிறது?

உள்ளே நடப்பதைச் சொன்னால் காத்திருப்பது கொஞ்சம் எளிதாகும் என்று நினைக்கிறேன்.

முதல் தகட்டில் சில நேரம் கறுப்பைத் தவிர எதுவும் தெரியாது. நிறம் அவ்வளவு அடர்த்தியாக இருந்தால் உட்கருவே மறைந்துவிடும். உட்கருவைப் பார்க்காமல் கொடியதா சாதுவா என்று எப்படிச் சொல்வது? அதனால் இன்னொரு தகட்டைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் நனைத்து நிறத்தை வெளுக்கவைப்போம். கறுப்பு மெல்ல விலகி, அடியில் இருக்கும் செல் துலங்கி வருவதைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். வெளுத்தால் மெலனின். வெளுக்காமல், இரும்புக்கான சாயத்தில் நீலமானால் பழைய ரத்தம்.

அடுத்து நோயெதிர்ப்புச் சாயங்கள். எஸ்-100, சாக்ஸ்-10, மெலன்-ஏ, எச்எம்பி-45 ஆகியவை ஏற்றால் மெலனோசைட் குடும்பம். மெனிஞ்சியோமா என்றால் இஎம்ஏ என்ற சாயத்தை ஏற்கும், இந்த நான்கும் சேர்ந்து ஏற்காது. இந்தச் சாயங்கள் வழக்கமாகப் பழுப்பு நிறத்தில்தான் தெரியும். மெலனினும் பழுப்பு. எது சாயம், எது நிறம் என்று தெரியாமல் ஏமாறக்கூடாது என்பதற்காகச் சிவப்பு நிறம் தரும் வேதிப்பொருளைப் போட்டுத் திரும்பச் செய்வோம். ஒரு நாள் கூடும். அந்த ஒரு நாள் வீணல்ல.

நரம்பு உறையில் பிறக்கும் நிறமுள்ள கட்டி ஒன்றும் இருக்கிறது. தண்டுவட நரம்பு வேர்களை ஒட்டி வரும்போது மெலனோமாவைப்போலவே ஏமாற்றும். அதைப் பிரிக்க வேறு சாயங்களும் பிஆர்கேஏஆர்1ஏ என்ற மரபணுவின் சோதனையும் தேவைப்படும். கேஐ-67 என்ற சாயம் செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும்.

இத்தனைக்குப் பிறகும் நுண்ணோக்கியால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. இந்த மெலனோமா இங்கேயே பிறந்ததா, வேறெங்கிருந்தோ வந்ததா? செல்லின் முகத்தில் ஊர் எழுதியிருக்காது.

அப்படியானால் "முதன்மை" என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

உடம்பு முழுக்கத் தேடித்தான். இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. 1976-இல் ஹேவர்ட் என்பவர் எழுதியது. கண்டறியும் நேரத்தில் மூளை, தண்டுவடத்துக்கு வெளியே மெலனோமா இருக்கக்கூடாது. மெல்லிய உறைகள் பாதிக்கப்பட்டிருப்பது, தண்டுவடத்தின் உள்ளே கட்டி இருப்பது, நீர் தேங்கியிருப்பது, பிட்யூட்டரி அல்லது பினியல் சுரப்பியில் கட்டி இருப்பது, மூளைக்குள் ஒரே ஒரு கட்டி மட்டும் இருப்பது ஆகியவை முதன்மை என்ற பக்கம் சாயவைக்கும். இன்றும் இவை பயன்படுகின்றன. ஆனால் இவை சாயவைப்பவைதான், தீர்ப்பு அல்ல.

தேடல் எப்படி இருக்க வேண்டும்? தோல் மருத்துவர் முழு உடம்பையும் பார்க்க வேண்டும். முழு உடம்பு என்றால் உச்சந்தலையில் முடியை வகிர்ந்து, காதுக்குப் பின்னால், நகங்களுக்கு அடியில், உள்ளங்கால், கால்விரல் இடுக்கு, பிறப்புறுப்பு வரைக்கும். கூச்சத்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். கருமையான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அதிகம் ஒளிந்திருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான். கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து விழித்திரைக்குப் பின்னால்வரை பார்க்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கின் உட்புறத்தையும் வாயையும் பார்ப்பார். ஆசனவாயும் பெண்களுக்குப் பிறப்புறுப்பின் உட்புறமும் விட்டுப்போகக் கூடாதவை. அதோடு பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைப் பளிச்சென்று காட்டுவது) அல்லது மார்பு, வயிற்றுப் பகுதி சி.டி.

இதில் மருத்துவரால் கண்டுபிடிக்க முடியாத ஒரு தகவல் வீட்டாரிடம்தான் இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் எப்போதாவது மச்சத்தை வெட்டியோ சுட்டோ எடுத்தார்களா? சவரம் செய்யும்போது அடிக்கடி கீறுகிறது என்று ஒன்றை எடுத்துவிட்டு மறந்திருக்கலாம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையை, தகட்டைத் தேடிப் பிடியுங்கள். "சும்மா மச்சம்தான்" என்று அன்று சொன்னதை இன்று மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

பெட் ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்துவிட்டால் அது போதாதா?

போதாது. சில மில்லிமீட்டர் தடிமனான தோல் மச்சம் பெட் ஸ்கேனில் தெரியாமலே போகலாம். மூளை தானே சர்க்கரையை நிறைய உறிஞ்சுவதால் அதன் உறையிலிருக்கும் நோயும் அந்தப் பிரகாசத்தில் அமுங்கிவிடும். கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

இன்னும் ஒன்று. தோல் மெலனோமா சில நேரம் தானாகவே மறைந்து, பரவியது மட்டும் மிச்சமிருக்கும். மெலனோமாக்களில் சுமார் 3 சதவீதத்தில் தொடங்கிய இடமே கிடைப்பதில்லை. ஆகவே எதுவும் கிடைக்காதபோதும் "இதுவரை தேடியதில் முதன்மை" என்பதுதான் நேர்மையான வாசகம். தோலையும் கண்ணையும் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மரபணுச் சோதனை எழுதியிருக்கிறார்கள். பணமும் நாளும் செலவாகும். அவசியமா?

முடிந்தால் செய்யுங்கள் என்பேன். தேடலில் விட்ட இடைவெளியை நிரப்ப இப்போது நம்மிடம் இருக்கும் நல்ல கருவி இதுதான்.

பெரியவர்களுக்கு மூளை உறையில் பிறக்கும் கட்டிகளில் பெரும்பாலும் ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். கொடியதாகும்போது எஸ்எஃப்3பி1, பேப்1 போன்றவற்றிலும் மாற்றம் சேரலாம். தோல் மெலனோமாவில் பிராஃப், என்ராஸ், டெர்ட் ஆகியவற்றின் மாற்றங்களும், வெயிலின் புற ஊதாக் கதிர் மரபணுக்களில் விட்டுச்சென்ற தழும்புகளும் தெரியும். ஆகவே பெரியவர் ஒருவரின் மூளைக் கட்டியில் பிராஃப் வி600இ மாற்றம் வந்தால், தோலை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஜிஎன்ஏக்யூ வந்தால் முதன்மை என்ற பக்கம் பலமாகும். ஆனால் கண்ணில் பிறக்கும் மெலனோமாவுக்கும் இதே மாற்றங்கள்தான். அதனால் இந்த முடிவு வந்தவுடன் கண் பரிசோதனை சரியாக நடந்ததா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். டிஎன்ஏவில் ஒட்டியிருக்கும் வேதிக்குறிகளைப் பார்க்கும் டிஎன்ஏ மெத்திலேஷன் என்ற சோதனை வசதியுள்ள இடங்களில் இன்னும் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லும்.

பிராஃப் மாற்றம் இருந்தால் அதற்கென்றே மாத்திரைகள் இருக்கின்றன என்பதால் சிகிச்சைக்கும் இந்தச் சோதனை வழிகாட்டும்.

குழந்தைக்குப் பிறவியிலேயே பெரிய கரு மச்சம் இருக்கிறது. அவளுக்கும் இது வருமா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு வராது. முதலில் அதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். ஆனால் வளர்ந்தபின் 20 சென்டிமீட்டருக்கு மேல் ஆகக்கூடிய பிறவி மச்சமோ, பல பிறவி மச்சங்களோ இருந்தால் மூளை உறையிலும் அதே செல்கள் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. காரணம், கருவில் ஒரு செல்லில் நேர்ந்த என்ராஸ் மாற்றம் தோலுக்கும் உறைக்கும் பிரிந்து போயிருப்பது. தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல. கர்ப்பத்தில் யாரும் செய்த தவறும் அல்ல. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு முதல் 4 முதல் 6 மாதத்துக்குள் மூளை, முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடச் சொல்வார்கள். அதற்குப் பிறகு மூளையின் வெள்ளைப் பகுதி முதிர்ந்து டி1 படத்தில் அதுவும் வெளுத்துவிடும், மெலனின் அதில் மறைந்துபோகும். முகத்தில் கண்ணைச் சுற்றி நீலச் சாம்பல் நிறமாகப் படரும் ஓட்டா மச்சம் உள்ளவர்களுக்கும் புதிதாகத் தலைவலியோ பார்வைக் குறையோ வந்தால் அந்த மச்சத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நோய் உறுதியாகிவிட்டது. எவ்வளவு காலம் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

இவ்வளவு அரிய நோயில் சராசரி என்பதே மெலிந்த கணக்கு. ஒரே கட்டியாக இருந்து முழுதாக எடுக்க முடிந்தால், ஆண்டுகள் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். உறை முழுக்கப் படர்ந்த மெலனோமாடோசிஸ் என்றால் பெரும்பாலும் மாதங்களில்தான் பேச வேண்டியிருக்கிறது. கேட்டால் மருத்துவர்கள் சொல்வார்கள். ஆனால் "உங்களுக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று நோயாளியிடமே முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

தேங்கிய நீரை வயிற்றுக்குள் வடியவைக்கக் குழாய் வைத்தால், அந்த வழியாகச் செல்கள் வயிற்று உறைக்குப் போய் வளரக்கூடும். தலைவலி தாங்க முடியாதபோது குழாய் வேண்டியதுதான், தயங்கக் கூடாது. வைத்தபின் வயிறு உப்பினால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்து வாங்க நினைக்கிறோம். எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

வாங்குங்கள். பழைய ஆய்வகம் வருத்தப்படாது; இப்படிப்பட்ட நோயில் நாங்களே இன்னொரு கண் பார்க்கட்டும் என்றுதான் விரும்புவோம்.

அறிக்கைக் காகிதம் மட்டும் போதாது. மெழுகுக் கட்டியில் பதித்த திசுவையும் சாயம் போட்ட தகடுகளையும் ஆய்வகத்தில் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். மெழுகுக் கட்டி இருந்தால்தான் புதுச் சாயமும் மரபணுச் சோதனையும் செய்ய முடியும். சின்னத் துண்டு என்றால் முதலில் எந்தச் சோதனை, பிறகு எது என்று இரண்டு ஆய்வகங்களும் பேசி முடிவு செய்யட்டும். தேவையில்லாததில் திசு தீர்ந்துவிடக் கூடாது. எம்.ஆர்.ஐ. படங்களை ஃபிலிமாக வாங்காமல் குறுந்தகட்டில் வாங்குங்கள், அதில் கான்ட்ராஸ்டுக்கு முந்தைய டி1 படங்கள் இருக்கின்றனவா என்று அங்கேயே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை முதுகில் எடுத்த நீரின் முடிவுகள் தேதி வாரியாக, அறுவை மருத்துவரின் குறிப்பு, ஸ்டீராய்டு எந்தத் தேதியில் தொடங்கி எப்போது குறைத்தார்கள் என்ற விவரம், கண், தோல் பரிசோதனைச் சீட்டுகள். எப்போதோ எடுத்த மச்சத்தின் பழைய அறிக்கை கிடைத்தால் அதை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.